ஊர் சிரிக்கட்டும், எதைப் பார்த்து?

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது நீங்கள் எழுதிய வரி இல்லை, உங்கள் மாமியார் சொன்ன வரி. "டிவியில போயி நீ இப்பிடி ஆடுனா ஊரே சிரிக்கும்" என்றாராம். அவர் வைவதற்குச் சொன்னது. 22 வருஷமாகச் சின்னத்திரைக்குக் காமெடி வசனம் எழுதிப் பிழைக்கிற எனக்கு அது வாழ்த்து மாதிரிக் கேட்கிறது.

மற்ற வாசகர்களுக்காகக் கடிதத்தின் சாரம். இவருக்கு 31 வயது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். ஆண்டு விழாவில் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தை ஒற்றை ஆளாக நடித்துக் காட்ட, அந்த வீடியோ ஊரைச் சுற்றி, ஒரு டிவி காமெடி நிகழ்ச்சி வரை இவரைக் கொண்டுபோய்விட்டது. நான்கு சுற்று தாண்டி வெளியே வந்தார். இப்போது சென்னையிலிருந்து ஒரு தயாரிப்பு நிறுவனம் தினசரி சீரியலுக்குக் கூப்பிடுகிறது. ஹீரோவின் அண்ணி வேஷம், மாதம் 12 நாள் ஷூட்டிங். மேனேஜர் போனில் கேரக்டரை விளக்கிய அழகு: "குண்டு அண்ணிங்க, எப்பப் பார்த்தாலும் எதையாவது தின்னுக்கிட்டே இருப்பாங்க, செம காமெடி." வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். கேள்விகள் நான்கு. வேலையை விடலாமா? 31 வயது தாமதமா? காமெடி நடிகை என்று ஒரு தடவை முத்திரை விழுந்தால் கடைசி வரை அதேதானா? குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம், நடுவில் நின்றால் இடம் போய்விடுமா?

வயசுக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம், அது சின்னது. டிவி காமெடி நடிகை என்றால் உலகத்தில் முதலில் சொல்கிற பெயர் அமெரிக்காவின் லூசில் பால். 1911-இல் பிறந்தவர். 1930களிலும் 1940களிலும் ஹாலிவுட்டில் சின்னச் சின்ன வேஷங்களில் படம் படமாக நடித்துப் பார்த்தார், பெரிய ஹீரோயினாக ஆகவே முடியவில்லை. அப்புறம் ரேடியோவில் ஒரு குடும்பக் காமெடித் தொடர். அதிலிருந்து டிவி. அவருடைய 'ஐ லவ் லூசி' சிபிஎஸ் சேனலில் 1951 அக்டோபர் 15 அன்று தொடங்கியபோது அவருக்கு 40 முடிந்து இரண்டு மாசம். உங்களுக்கு 31. கிளம்புங்கள். (இந்த அம்மாவை இன்னும் ஓரிரு தடவை இழுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முத்திரைக் கேள்வி கொஞ்சம் பெரியது. இதே பயம் மனோரமாவுக்கே இருந்தது. 1958-இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் நகைச்சுவை வேஷம் கொடுத்தபோது அவர் தயங்கினார். நாடக மேடையில் கதாநாயகியாக நின்றவர், இதை ஏற்றால் இனி யாரும் அந்த வேஷத்துக்குக் கூப்பிட மாட்டார்களே என்று. ஹீரோயின் என்றால் சில வருஷம்தான், இது உன்னைக் கடைசி வரை காப்பாற்றும் என்கிற பொருளில் கண்ணதாசன் சொன்னதைப் பின்னாளில் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஆயிரம் படம், கின்னஸ், 1989-இல் வந்த 'புதிய பாதை'க்காகத் துணை நடிகைக்கான தேசிய விருது. முத்திரை விழத்தான் விழுந்தது. ஆனால் அதற்குள்ளே அவர் அழுதார், பாடினார், ஆச்சியாகவும் ஆனார்.

டிவியில் முத்திரை இன்னும் அழுத்தமாக விழும், அதை மறைக்கவில்லை. சினிமாவுக்கு ஜனங்கள் கிளம்பிப் போக வேண்டும். சீரியல்காரர்கள் தினமும் இரவு எட்டு மணிக்கு அவர்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சொந்தப் பெயரை ஜனங்கள் மறந்தே போவார்கள். 'சரவணன் மீனாட்சி'யில் நந்தினி செய்த மைனா என்கிற கேரக்டர் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு மைனா நந்தினி ஆகிவிட்டது. அவர் அதைச் சொத்தாக்கிக்கொண்டார். லூசில் பாலுக்குத் தோழியாக, எதெல் என்கிற வேஷத்தில் நடித்த விவியன் வான்ஸ் வேறு மாதிரி. அந்த வேஷத்துக்கு எம்மி விருதே வாங்கியவர்தான். ஆனால் தெருவில் எல்லாரும் "எதெல்" என்றே கூப்பிட்டதில் நொந்துபோய், 1962-இல் லூசியின் அடுத்த தொடருக்கு அழைத்தபோது கேரக்டருக்குத் தன் சொந்தப் பெயரையே வைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தத் தொடரில் அவர் பெயர் விவியன். நல்ல உடுப்பு வேண்டும் என்றும் கேட்டாராம். எதெலுக்குப் பழைய கவுன்தானே கொடுத்தார்கள்!

தலைகீழாகவும் நடக்கும். தேவதர்ஷினி சீரியலில் கனமான வேஷங்களோடு வந்தவர். இன்றைக்கு அவரைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது. 2011-இல் வந்த 'காஞ்சனா'வில் கோவை சரளா மாமியார், இவர் மருமகள். பேய்க்குப் பயந்து இரண்டு பேரும் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் ஒளிகிற காட்சிகளை உங்கள் மாமியாரோடு உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். ஒருவர் விடுகிற பந்தை இன்னொருவர் எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள். வசனத்தை எடுத்துவிட்டால்கூட அந்தக் காட்சி ஓடும்.

சரி, இனி நான் உண்மையிலேயே சொல்ல நினைத்தது. நீங்கள் கேட்காத கேள்வி அது. உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் "குண்டு அண்ணி".

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாராந்தரக் காமெடித் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நடிகை, கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. நானும் எல்லாரையும் போல எழுதினேன். பூசணிக்காய், ரோடு ரோலர், கல்யாண மண்டப அண்டா. ஒரு நாள் ஆட்டோ சீன். அவர் ஏறுகிறார், டயர் வெடிக்கிறது. எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தார். கோபம் எல்லாம் இல்லை, சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"சார், இந்த சீன்ல நான் என்ன பண்றேன்?"

"ஏறுறீங்கம்மா, டயர் வெடிக்குது."

"அது டயர் பண்ற காமெடி சார். நான் என்ன பண்றேன்?"

என்னிடம் பதில் இல்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேருமாக அதை மாற்றினோம். டயர் ஏற்கெனவே பஞ்சர். அவர் இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தானே ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாட்டுகிறார். மாட்டிக்கொண்டே பேரம் பேசுகிறார். வெயிட்டிங் சார்ஜ், கூலி, சேலையில் பட்ட கிரீஸுக்கு டிரை வாஷ் என்று ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு தொகை கழிகிறது. கடைசி நட்டை முறுக்கி முடிக்கும்போது ஆட்டோக்காரர் இவருக்கு எழுபது ரூபாய் பாக்கி. அந்த நடிகை ஸ்பேனரை நீட்டிக்கொண்டு, சில்லறை இருக்கா என்று கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கிறது. உடம்பு அதே உடம்புதான். இந்தத் தடவை யாரும் அதைப் பார்க்கவில்லை.

இதை நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை, பிழைப்புக்காகவும் சொல்கிறேன். உடம்பை வைத்துச் சிரிக்க வைக்கிற வேஷம் உங்களுடையது அல்ல, அந்த உடம்பினுடையது. இன்னும் கொஞ்சம் குண்டான ஒருவர் கிடைத்தால் அவருக்குப் போய்விடும். இன்னொரு நடிகையின் கதை தெரியும். டாக்டர் சொன்னார் என்று எடையைக் குறைத்தார். சர்க்கரை அளவு சரியாக வந்தது. செட்டில் மேனேஜர் முகம் சுருங்கியது. "என்னம்மா, கேரக்டரையே கெடுத்துட்டீங்க." இரண்டே வாரத்தில் அந்தக் கேரக்டர் துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போய், இன்று வரை திரும்பவில்லை.

ஆகவே அந்த மேனேஜரிடம், முடிந்தால் நேராக டைரக்டரிடம், இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அண்ணி சாப்பிடுறாங்க, சரி. சாப்பிட்டுக்கிட்டே என்ன பண்றாங்க?" பதில் இல்லாவிட்டால் நீங்களே ஒன்று சொல்லுங்கள். சும்மா ஓர் உதாரணம்: அண்ணி தட்டோடுதான் திரிகிறாள், ஆனால் தனியாகச் சாப்பிட மாட்டாள். யார் வந்தாலும் ஒரு முறுக்கை நீட்டுவாள். முறுக்கைக் கடிக்கிறவன் வாயைத் திறப்பான், ரகசியம் ஒன்று விழும். அந்த வீட்டில் எந்த ரகசியமும் அண்ணியின் தட்டைத் தாண்டி வெளியே போகாது. இப்படி ஒரு வேலை இருந்துவிட்டால் கதையே உங்களைத் தேடி வரும். சும்மா தின்கிற அண்ணியை, வியாழக்கிழமை ரேட்டிங் இறங்கியதும் தூக்கிவிடுவார்கள். எப்போதும் காமெடி டிராக்கைத்தான் முதலில் கத்திரிப்பார்கள். கதையின் கயிறு கையில் இருக்கிறவளைக் கத்திரிக்க யோசிப்பார்கள்.

டைரக்டர்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வார்களா என்று நினைப்பீர்கள். சிலர் கோபிப்பார்கள். தினம் ஓர் எபிசோடு முடிக்கிற அவசரத்தில் இருக்கும் பெரும்பாலானவர்கள், யோசனை ஓசியில் வந்தால் வாங்கிக்கொள்வார்கள்.

அடுத்தது தொழில் சமாச்சாரம். நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஐந்து அம்மா, இரண்டு அப்பா, ஒரு தாத்தா வருகிறார்கள். தாத்தா சுமார், எங்கேயோ பார்த்த தாத்தா. அந்த நான்காவது அம்மாதான் ஆள். பிராக்ரஸ் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தேன் வாங்கியிருக்கான்" என்று தலையாட்டுகிறார். டீச்சர் கையை நீட்டி அட்டையைத் திருப்பி வைக்கிறார். அம்மா பார்க்கிறார். ஒன்றும் பேசவில்லை. அட்டையை மூடுகிறார். மடியில் வைத்து ஓரத்தை நீவிவிடுகிறார். அப்புறம் பக்கத்தில் திரும்பாமலே, இல்லாத பையனின் காது இருக்கிற இடத்துக்குக் கை போகிறது. நான் வாட்ச் வைத்து எண்ணினேன், நாலு வினாடி மௌனம். ஆண்டு விழாக் கூட்டம் அந்த நாலு வினாடியில்தான் வெடிக்கிறது.

சீரியல் செட்டில் அந்த நாலு வினாடி உங்களுக்குக் கிடைக்காது. அங்கே வசனம் மனப்பாடம் செய்ய நேரம் இருக்காது. பல செட்களில் பேப்பர் கைக்கு வருவதே டேக்குக்குச் சற்று முன்னால்தான். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பார். நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். குரலை அப்புறம் டப்பிங்கில் பார்த்துக்கொள்வார்கள். அழுகைக் காட்சிக்கு இந்தப் பிராம்ப்டிங் பரவாயில்லை, மூக்கை உறிஞ்சுகிற நேரத்தில் அடுத்த வரி வந்துவிடும். காமெடிக்கு விஷம். நீங்கள் அட்டையை மூடி நீவிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அவர் அடுத்த வரியைக் கத்துவார், உங்கள் கண் அனிச்சையாக அந்தப் பக்கம் போகும். போச்சு.

இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. பழைய ஆட்கள் செய்வது. உதவி இயக்குநரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், தம்பி, இந்த இடத்தில் நான் கையைக் கீழே விட்டால்தான் அடுத்த வரி, அதுவரை மூச்சு விடாதே என்று. அந்தத் தம்பிக்கு மதியம் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவர்தான் செட்டில் உங்கள் பக்கவாத்தியம். லைவ் சவுண்ட் எடுக்கிற இடம் என்றால் பிராம்ப்டிங் தொல்லை குறைவு, ஆனால் வேறு தொல்லை, யூனிட் சிரித்தால் டேக் போய்விடும். அதைத் தொல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லூசில் பாலின் வேலை முறையையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். ஒரு வாரம் முழுக்க ஒத்திகை. வாரக் கடைசியில் பார்வையாளர்களை உட்கார வைத்து, மூன்று கேமராவில், நாடகம் மாதிரி ஒரே ஓட்டமாகப் படம்பிடிப்பு. 1952-இல் வந்த சாக்லேட் ஃபேக்டரி எபிசோடு உங்களுக்கு எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும். பெல்ட் வேகமாக ஓட ஓட, இவரும் விவியன் வான்ஸும் சாக்லேட்டுகளை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணிப்பார்கள். அதே எபிசோடில் லூசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாக்லேட் முக்குகிற பெண்மணி நிஜமாகவே அந்தத் தொழில் செய்தவர். எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதோ அவ்வளவு ஒத்திகை அதற்குள் இருக்கிறது. தினசரி சீரியலில் உங்களுக்கு அந்த ஒரு வாரம் கிடைக்காது. வீட்டில் கண்ணாடி முன்னால் தட்டு, கரண்டி, மொபைல், சேலை முந்தானை இவற்றோடு பழகிக்கொள்ளுங்கள். கை பழகியிருந்தால் வசனம் தடுக்கினாலும் சமாளிக்கலாம்.

இன்னொன்று, உங்கள் பேச்சு. "வாங்கியிருக்கான்" என்று எந்த வசனகர்த்தாவும் எழுதிவிடுவார். "நல்லாத்தேன்" என்பது உங்களிடம் இருந்துதான் வரும். நாங்கள் சென்னையில் உட்கார்ந்து எழுதுவது எல்லா ஊரும் எந்த ஊரும் இல்லாத ஒரு டிவி தமிழ். பேப்பரில் "பொரியல்" என்று இருந்தால் நீங்கள் "வெஞ்சனம்" என்று சொல்லுங்கள். "திட்டுனாங்க" என்று இருந்தால் "வஞ்சாக". கேட்டு மாற்ற வேண்டியதில்லை, சொல்லிவிட்டுப் போங்கள். யாரும் தடுக்காவிட்டால் அதுதான் உங்கள் கேரக்டர். கோவை சரளாவும் அறந்தாங்கி நிஷாவும் ஊர்ப் பெயரைத் தலையில் வைத்துக்கொண்டேதான் நடக்கிறார்கள். அந்தப் பேச்சை அவர்களிடமிருந்து கழற்றி இன்னொருவருக்கு மாட்ட முடியாது.

வேலையை விடுவது பற்றி. டீச்சர், 12 நாள் என்றால் 12 தேதி என்று நினைத்துவிடாதீர்கள். எந்த 12 என்று முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் போன் வரும். ஹீரோயினுக்குக் காய்ச்சல் என்றால் உங்கள் காட்சி முன்னால் வரும், மழை என்றால் பின்னால் போகும். அருப்புக்கோட்டையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து விடிகாலை வளசரவாக்கத்தில் இறங்கி, ஒன்பது மணிக்கு மேக்கப் போட்டு உட்கார்ந்தால், உங்கள் காட்சி மாலை ஆறு மணிக்கு வரும். இதோடு எட்டாம் வகுப்புப் போர்ஷன் முடிக்க முடியாது. இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்காக ராஜினாமாக் கடிதத்தை நாளைக்கே கொடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். முழு ஆண்டுப் பரீட்சை வரை சம்பளமில்லா விடுப்புக் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால், சீரியலைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் வாராந்தர நிகழ்ச்சிகளைப் பிடியுங்கள். அங்கே ஒரே ஷெட்யூலில் இரண்டு மூன்று எபிசோடுகளை எடுத்துவிடுவார்கள், சனி ஞாயிறை வைத்துச் சமாளிக்கலாம். அப்புறம் மேடை. காமெடி நிகழ்ச்சியில் முகம் காட்டிய பெண்களில் நான் பார்த்தவரை, கையில் காசு பார்த்தவர்கள் டிவிச் சம்பளத்தில் பார்க்கவில்லை. கோயில் திருவிழா, கல்லூரி விழா, பட்டிமன்றம், நகைக்கடைத் திறப்பு, கொடுத்துவைத்தால் சிங்கப்பூர், துபாய் பொங்கல் விழா. டிவி முகவரி கொடுக்கும், சம்பளம் வருவது மேடையிலிருந்து. நிஷா பட்டிமன்ற மேடையும் பழகியவர். கணக்கு டீச்சருக்குப் பட்டிமன்றத் தலைப்பா கிடைக்காது?

பணத்தில் கறாராக இருங்கள். சீரியலில் நாள் கணக்குச் சம்பளம். ஷூட்டிங் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வந்தாலும் வந்ததாகக் கணக்கு. பத்து சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். வருஷக் கடைசியில் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் உங்கள் வருமானத்துக்கு அதில் பெரும்பகுதி திரும்ப வரும், செய்யாமல் விடுகிற நடிகைகள் எத்தனையோ பேர். சேலை, ஜாக்கெட், வளையல் பெரும்பாலும் உங்கள் செலவு. ஒரு காட்சிக்குக் கட்டிய சேலை இன்னொரு காட்சியில் வரக்கூடாது, ஆனால் அதே காட்சியின் தொடர்ச்சியைப் பத்து நாள் கழித்து எடுக்கும்போது அதே சேலை, அதே வளையல், பொட்டுகூட அதே இடத்தில் வேண்டும். கன்டினியூட்டி போட்டோவை உங்கள் மொபைலிலும் எடுத்து வையுங்கள். தங்கும் இடம், பயணப்படி, எந்தத் தேதிக்குள் சம்பளம், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள். மெயிலில் வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் என்றால்கூடப் பரவாயில்லை, போனில் மட்டும் வேண்டாம்.

யாராவது "அட்ஜஸ்ட்மென்ட்" என்கிற சொல்லை எடுத்தால், அந்த நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. ஒரு சீரியல் யூனிட்டில் லைட்மேன்களே பத்துப் பேர் தேறுவார்கள். குழுவில் யார் யார் என்று முதல் நாளே கேளுங்கள். பதில் வருகிறதோ இல்லையோ, கேட்கிற பெண் என்று தெரிந்தாலே பாதி வம்பு குறையும்.

குழந்தை. தமிழ் சீரியலின் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா, "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு கார்டு போட்டு மறுநாளே புது அண்ணி சமையலறையில் நிற்பார். ஆனால் அது மட்டும்தான் வழி என்று இல்லை. 1952-இல் லூசில் பால் கர்ப்பமானபோது, அதை மறைக்காமல் கதையிலேயே சேர்த்தார்கள். 'கர்ப்பம்' என்கிற ஆங்கிலச் சொல்லை உச்சரிக்க சிபிஎஸ் விடவில்லை, வேறு சொல் போட்டுப் பேசினார்கள். ஸ்கிரிப்டை ஒரு பாதிரியார், ஒரு போதகர், ஒரு யூத குரு என்று மூன்று பேருக்குக் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். திரையில் லூசிக்குக் குழந்தை பிறந்த எபிசோடு 1953 ஜனவரி 19 அன்று வந்தது. நிஜத்தில் அவருக்கு மகன் பிறந்ததும் அதே நாள். சுமார் நாலரைக் கோடிப் பேர் பார்த்தார்கள், மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்களைவிட அதிகம். எப்போதும் தட்டோடு திரிகிற அண்ணி ஒரு நாள் மாங்காய் கேட்டால் எந்த வசனகர்த்தாவுக்கும் கை அரிக்கும். நல்ல சேதி உறுதியான உடனே டைரக்டரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், கூடவே இரண்டு காட்சி யோசனையும் கொண்டுபோங்கள். அப்படியும் கார்டு போட்டுவிட்டார்கள் என்றால் போடட்டும். மேடை எங்கும் போய்விடாது.

கடைசியாக ஒப்பந்தம். மூன்று இடத்தில் பேனாவை நிறுத்திப் படியுங்கள். ஒன்று, டைட்டிலில் உங்கள் பெயர் வருமா? இது பெருமைக்காகக் கேட்பது இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தத்தின்படி, நடிக்க எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகும், அந்த நடிப்பை வியாபாரமாகப் பயன்படுத்தும்போது ராயல்டி பெற நடிகருக்கு உரிமை உண்டு. ஆனால் போகிற போக்கில் வந்துபோய், டைட்டிலில் எங்கேயும் பெயர் வராத ஆளை அந்தச் சட்டம் பெரும்பாலும் நடிகர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ராயல்டி என்று ஒரு ரூபாய் சீரியல் நடிகை கைக்கு வந்து நான் பார்த்ததில்லை, அது வேறு கதை. இருந்தாலும் பெயரை விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு, வேறு சேனலில், மேடையில், யூடியூபில் நடிக்கக்கூடாது என்று எத்தனை மாதத்துக்குக் கட்டிப்போடுகிறார்கள்? மேடையை மட்டுமாவது அடித்துத் திருத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவதுக்கு மறுபடி லூசில் பால்தான். அவரும் கணவர் டெஸி அர்னாஸும் தொடரைப் பிலிமில் எடுப்போம் என்று நின்றபோது செலவு கூடுகிறது என்று சேனல் முனகியது. சரி, வாரச் சம்பளத்தில் 1,000 டாலர் குறைத்துக்கொள்கிறோம், பிலிம் எங்களுக்கே சொந்தம் என்றார்கள். மறுஒளிபரப்புக்கு ஒரு மதிப்பு இருக்கும் என்று அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை, சேனல் ஒத்துக்கொண்டது. பிறகு அந்த எபிசோடுகளை அதே சேனல் லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியது. 1957-இல் லூசியும் கணவரும் ஆர்கேஓ ஸ்டூடியோவையே வாங்கினார்கள். 1930களில் அவர் சம்பளத்துக்குச் சின்ன வேஷம் கட்டிய அதே ஸ்டூடியோ.

உங்களிடம் பிலிம் இல்லை. ஆனால் அட்டையைத் தலைகீழாகப் பிடிக்கிற அந்த அம்மா இருக்கிறார். அவரை நீங்கள்தான் படைத்தீர்கள். சீரியலில் "அந்த ஸ்கூல் அம்மாவை ஒரு சீன்ல போடுங்களேன், நல்லாருக்கும்" என்று முதல் வாரமே கேட்பார்கள். அந்த ஒப்பந்தத்தில், தொடரில் வருகிற எல்லாக் கேரக்டரும் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ஒரு வரி கண்டிப்பாக இருக்கும். அண்ணியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அந்த அம்மாவைச் செட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஊரில், மேடையில், உங்கள் சேனலில் மட்டும் வரட்டும். இன்னும் பத்து நிமிஷம் அவருக்குச் சேர்த்து எழுதி, நோட்டில் தேதி போட்டு வையுங்கள். தாத்தாவைத் தூக்கிவிடுங்கள்.

மாமியாரை ஒரு நாள் ஷூட்டிங்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே வரியை ஏழு தடவை எடுப்பதைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே "எப்ப வீட்டுக்குப் போகலாம்" என்று கேட்பார்.

அன்புடன்,
உங்கள் வசனகர்த்தா